ஃபார்முலா 4 பந்தயம்: பெற்றோரும் இளம் ஓட்டுநர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

கார்ட்டிங் (சிறிய திறந்த பந்தய வண்டி ஓட்டும்) டிராக்கில் பிள்ளையைக் கூட்டிவரும் அப்பா அம்மாக்களும், தாமே ஓட்ட ஆசைப்படும் மாணவர்களும் எங்களிடம் கேட்பது பெரும்பாலும் இவைதான். கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை விட்டிருக்கிறோம். முதல் நான்கும் முற்றிலும் புதியவர்களுக்கு. ஏற்கெனவே கார்ட் ஓட்டுபவர்கள் ஐந்தாவது கேள்வியிலிருந்து படிக்கத் தொடங்கலாம்.

எஃப்4 என்றால் என்ன? இதுவும் எஃப்1 மாதிரி ஒரே உலகப் போட்டியா?

இல்லை. எஃப்4 என்பது உலக மோட்டார் பந்தயங்களை நெறிப்படுத்தும் எஃப்ஐஏ அமைப்பு வகுத்த ஒரு விதித்தொகுப்பு. அதைப் பின்பற்றி இத்தாலி, பிரிட்டன், பிரான்ஸ், இந்தியா என ஒவ்வொரு நாடும் தனித்தனியாகச் சாம்பியன்ஷிப் நடத்துகிறது. கார்ட்டிங்குக்கும் எஃப்3-க்கும் நடுவில் இருந்த பெரிய இடைவெளியை அடைக்க, கெர்ஹார்ட் பெர்கர் எஃப்ஐஏ-வின் ஒற்றை இருக்கை கார்களுக்கான குழுவுக்குத் தலைவராக இருந்தபோது இது உருவானது. முதல் போட்டித் தொடர் 2014-ல் இத்தாலியில் நடந்தது. அதில் வென்றவர் லான்ஸ் ஸ்ட்ரோல். அடுத்த ஆண்டு பிரிட்டனில் வென்றவர் லாண்டோ நாரிஸ். இருவரும் பின்னாளில் எஃப்1 ஓட்டுநர்களானார்கள்.

ஏணி இப்படிப் போகும்: கார்ட்டிங், எஃப்4, வட்டார எஃப்3, எஃப்ஐஏ எஃப்3, எஃப்2, எஃப்1.

எல்லா நாட்டிலும் ஒரே கார்தானா?

ஒரு சாம்பியன்ஷிப்புக்குள் எல்லோருக்கும் ஒரே கார், ஒரே இஞ்ஜின், ஒரே டயர். நாட்டுக்கு நாடு மாறும். இத்தாலியிலும் பிரிட்டனிலும் டாட்டூஸ் டி421 சேஸியில் அபார்த் 1.4 லிட்டர் டர்போ இஞ்ஜின். பிரான்சிலும் இந்தியாவிலும் மிகாலே எம்21 சேஸியில் ஆல்பைன் 1.3 லிட்டர் டர்போ. கார்பன் ஃபைபர் உடல், தலைக்கு மேல் ஹாலோ (தலையைக் காக்கும் வளைந்த சட்டம்), ஸ்டீயரிங் பின்னால் பேடில் வைத்த 6 கியர், முன்னும் பின்னும் விங் (காற்றால் காரைக் கீழே அழுத்தும் இறக்கை) ஆகியவை எல்லாவற்றுக்கும் பொது. சக்தி ஏறக்குறைய 180 குதிரைத்திறன். சாலைக் காரோடு ஒப்பிட்டு இதைக் குறைவாக எடை போட வேண்டாம். கார் மிக லேசானது, நீண்ட நேர்பாதையில் மணிக்கு 200 கி.மீ-ஐ எளிதாகத் தாண்டும்.

பையனுக்கு 14 வயசு ஆகுது. இப்பவே சேர்க்கலாமா?

போட்டியில் இறங்க 15 வயது நிறைந்திருக்க வேண்டும். இந்தியாவில் போட்டி உரிமத்தை நாட்டின் மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐ தருகிறது. மருத்துவச் சான்று தேவை. 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் கையெழுத்தும் தேவை. 14 வயதை வீணான ஆண்டாக நினைக்காதீர்கள். கழுத்தையும் காலையும் வலுப்படுத்த, சிமுலேட்டரில் பிரேக் பழக்கத்தை மாற்ற, தரவுகளைப் படிக்கக் கற்றுக்கொள்ள இந்த ஒரு வருடம் சரியாக இருக்கும். அவசரமாக 15-ல் இறங்கிக் கடைசி வரிசையில் ஓடுவதைவிட, 16-ல் தயாராக வருவது செலவுக்கும் மனதுக்கும் நல்லது.

கார்ட்டிங் ஓட்டினதே இல்லை. நேரா எஃப்4 போக முடியுமா?

விதி தடுக்காது. ஆனால் பத்து வயதிலிருந்து சக்கரத்தோடு சக்கரம் உரச ஓட்டிப் பழகியவர்கள் உங்களுக்கு முன்னும் பின்னும் இருப்பார்கள். எங்கே முந்தலாம், எங்கே இடம் விட வேண்டும், பின்னால் வருபவர் எந்தப் பக்கம் பாய்வார் என்பதெல்லாம் கார்ட்டில் மலிவாகக் கற்கிற பாடங்கள். எஃப்4-ல் அதே பாடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு முன் விங் விலை ஆகும்.

தமிழ்நாட்டில் நடுவில் இன்னொரு படி உண்டு. கோவை செட்டிபாளையத்தில் சுமார் 2.1 கி.மீ நீளமுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும், ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள 3.7 கி.மீ சென்னை சர்வதேச டிராக்கிலும் ஓடும், எல்ஜிபி நிறுவனத்தின் பெயர் கொண்ட பந்தயக் கார்கள் மாருதியின் 1.3 லிட்டர் இஞ்ஜினைக் கொண்டவை. பெயரில் 'ஃபார்முலா 4' என்று வந்தாலும் எல்ஜிபி ஃபார்முலா 4 வேறு, எஃப்ஐஏ எஃப்4 வேறு. பலர் இங்கே குழம்புகிறார்கள். எல்ஜிபி காரில் காலில் கிளட்ச், கையில் கியர். அந்தக் குறைந்த சக்தியில் வேகத்தை இழக்காமல் வளைவுகளைக் கடக்கக் கற்றவர்கள் எங்கு போனாலும் ஓட்டுவார்கள். கோவையின் எஸ்.கரிவர்தன் உருவாக்கிய ஃபார்முலா மாருதி கார்கள் இதற்கு முன்னோடி. 2005-ல் எஃப்1 ஓட்டிய நரேன் கார்த்திகேயன் அந்தக் காரில் தொடங்கியவர்தான்.

கார்ட்ல என் பையன்தான் ஃபாஸ்ட். எஃப்4 கார்ல உட்கார்ந்தா ரெண்டு செகண்ட் பின்னாடி இருக்கான். ஏன்?

பெரும்பாலும் பிரேக். பொதுவான கார்ட் வகைகளில் பிரேக் பின் சக்கரங்களுக்கு மட்டும். சஸ்பென்ஷனும் கிடையாது, டிஃபரென்ஷியலும் (வளைவில் இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பாகம்) கிடையாது. அதனால் ஸ்டீயரிங்கை வெடுக்கென்று திருப்பி, உள்பக்கப் பின் சக்கரத்தைத் தூக்கவைத்துத்தான் வளைக்க வேண்டும். எஃப்4 காரில் அதே வெடுக்கைச் செய்தால் முன் டயர் பிடியை இழந்து நேராகப் போகும். இங்கே எடை முன்னால் வந்து அமர ஒரு கணம் வேண்டும். அந்தக் கணத்துக்குப் பொறுத்துத் திருப்ப வேண்டும்.

அடுத்தது டவுன்ஃபோர்ஸ். காற்று காரைக் கீழே அழுத்தும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 200 கி.மீ வேகத்தில் இருக்கும் அழுத்தம் 100-க்கு வரும்போது கால் பங்காகிவிடும். ஆகவே வேகம் உச்சத்தில் இருக்கும் முதல் கணத்திலேயே பிரேக்கை முழு பலத்தோடு மிதித்து, வேகம் குறையக் குறையக் காலைத் தளர்த்திக்கொண்டே வளைவின் உள்முனை வரை போக வேண்டும். கார்ட்டிலிருந்து வருபவர்கள் தலைகீழாகச் செய்வார்கள்: மெல்லத் தொட்டு, பயம் வந்ததும் கடைசியில் அழுத்துவார்கள். அந்தக் கடைசி நேரத்தில் டவுன்ஃபோர்ஸ் போயிருக்கும், முன் சக்கரம் பூட்டிக்கொள்ளும், டயரில் ஒரு பக்கம் தட்டையாகத் தேயும். அதன்பிறகு அந்த டயர் முழுப் போட்டிக்கும் அதிரும்.

வேகமான வளைவுகளில் இன்னொரு தயக்கம் வரும். பயந்து வேகத்தைக் குறைத்தால் பிடியும் சேர்ந்தே குறையும், 'குறைத்தும் வழுக்குகிறதே' என்று ஓட்டுபவர் இன்னும் குறைப்பார். இதற்கு ஒரே நாளில் தீர்வு இல்லை. ஒரு சுற்றுக்கு 2 அல்லது 3 கி.மீ வேகம் கூட்டி, ஸ்டீயரிங் கனப்பதைக் கையால் உணர்ந்து ஏற வேண்டும்.

பிரேக் மிதிச்சே கால் வலிக்குதாம். ஏபிஎஸ், பவர் ஸ்டீயரிங் எதுவும் இல்லையா?

எதுவும் இல்லை. பிரேக்குக்கு பூஸ்டரும் இல்லை, டிராக்‌ஷன் கன்ட்ரோலும் இல்லை. முழு பிரேக்குக்கு இடது காலால் பல பத்து கிலோ எடைக்குச் சமமான விசை தர வேண்டும், அதுவும் ஒரு சுற்றில் பலமுறை. உடற்பயிற்சியில் ஒற்றைக்கால் லெக் பிரெஸ், கழுத்துக்கு ரப்பர் பட்டை, முன்னங்கைக்குப் பிடிப் பயிற்சி, இவற்றோடு வெப்பத்தில் செய்யும் ஓட்டம் அவசியம். வலி தொடைக்குப் பதில் முழங்காலில் வந்தால் தசையைக் குறை சொல்லாதீர்கள். பெடலின் தூரம் தவறு. பிரேக்கை முழுதாக அழுத்திய நிலையிலும் முழங்கால் சற்றே மடிந்திருக்க வேண்டும்.

'சீட் ஊத்தணும்'னு டீம்ல சொல்றாங்க. அது என்ன?

ஓட்டுபவரின் உடம்புக்கு ஏற்ப இருக்கை வார்ப்பது. காக்பிட்டுக்குள் பெரிய பிளாஸ்டிக் பையை விரித்து, ஓட்டுபவர் முழு உடை, ஷூ, ஹெல்மெட், கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் எல்லாம் அணிந்து உள்ளே உட்கார வேண்டும். முதலில் பெடல் தூரம், ஸ்டீயரிங் உயரம், ஹாலோவுக்குக் கீழே பார்வை ஆகியவற்றைச் சரிபார்ப்பார்கள். பிறகு பெல்ட்டை இறுக்கி, இரண்டு திரவங்களைக் கலந்து பைக்குள் ஊற்றுவார்கள். அது நுரையாகப் பொங்கி, உடம்பைச் சுற்றி நிரம்பிச் சில நிமிடங்களில் இறுகும், சூடும் இருக்கும். இறுகும்வரை அசையக்கூடாது.

வழக்கமாக நடக்கும் தவறுகள் மூன்று. நுரை பொங்கும்போது உடம்பை மேலே தள்ளிவிடும், அதை எதிர்த்து இடுப்பைக் கீழே அழுத்தி வைக்காவிட்டால் தலை உயர்ந்துவிடும். இரண்டாவது, பர்ஸ், பெல்ட் பக்கிள், சட்டை மடிப்பு ஏதாவது அச்சில் பதிந்து பின்னர் இடுப்பில் குத்தும். மூன்றாவது, முழங்கை சுழல இடம் விடாமல் ஓரத்தை வெட்டாமல் விடுவது. முழு ஸ்டீயரிங் திருப்பும் வளைவில்தான் இது தெரியும். சீட் தயாரானதும் ஸ்டீயரிங்கைக் கழற்றிவிட்டு வேகமாக வெளியே குதித்துப் பழக வேண்டும்.

கார்ட்டிங் சூட், ஹெல்மெட் இருக்கே, அதுவே போதாதா?

போதாது. கார்ட் சூட் தரையில் உரசினால் தோலைக் காக்கத் தைத்தது, தீயைத் தாங்காது. எஃப்4-க்கு எஃப்ஐஏ 8856-2018 தர முத்திரை உள்ள சூட், உள்ளாடை, முகமூடி, கையுறை, காலுறை, ஷூ வேண்டும். ஹெல்மெட் 8859 அல்லது 8860 தரம், கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் 8858 தரம். ஹெல்மெட்டில் ஹான்ஸ் பட்டை மாட்டும் கொக்கிகளுக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள். வளரும் பிள்ளை என்று இரண்டு அளவு பெரிதாக ஹெல்மெட் வாங்குவதை மட்டும் செய்யாதீர்கள். சூட் சற்றுப் பெரிதாக இருக்கலாம், ஹெல்மெட் கூடாது.

என் பொண்ணு 48 கிலோதான். எடை கம்மின்னா லாபமா?

பெரிய லாபம் இல்லை. காரும் ஓட்டுநரும் சேர்ந்துதான் குறைந்தபட்ச எடை கணக்கிடப்படும். லேசானவர் காரில் பாலாஸ்ட் எடை கட்டுவார்கள். அதைத் தாழ்வான இடத்தில் வைக்க முடிவது ஒரு சிறு நன்மை. பந்தயம் முடிந்ததும் காரோடு சேர்த்து எடை பார்ப்பார்கள். ஒரு கிலோ குறைந்தாலும் முடிவு ரத்து.

எடை அதிகமான பிள்ளைகள் பட்டினி கிடப்பதையும் தண்ணீர் குடிக்காமல் இருப்பதையும் நாங்கள் கடுமையாக எதிர்க்கிறோம். நம்மூர் வெயிலில் தீப்பிடிக்காத மூன்றடுக்கு உடையில் அரை மணி நேரம் ஓட்டும் பிள்ளைக்கு நீர் வற்றினால் முதலில் கெடுவது கவனம். கடைசி ஐந்து சுற்றுகளில் வரும் மோதல்கள் பலவற்றுக்கும் அதுதான் காரணம்.

பெண்களுக்குத் தனிப் போட்டியா?

எஃப்4-ல் எல்லோரும் ஒன்றாகவே ஓட்டுகிறார்கள். 2024-ல் பிரிட்டிஷ் எஃப்4 பந்தயம் ஒன்றில் ஆபி புல்லிங் வென்றார். அந்தத் தொடரில் வென்ற முதல் பெண் அவர். அது தவிர, 2023-ல் தொடங்கிய எஃப்1 அகாடமி பெண்களுக்கு மட்டுமானது. அங்கும் டாட்டூஸ் டி421 கார்தான்.

ஒரு ரேஸ் வீக்கெண்ட்ல எத்தனை ரேஸ்? பிட் ஸ்டாப் உண்டா?

பெரும்பாலான தொடர்களில் பயிற்சி, தகுதிச்சுற்று, பிறகு 20 முதல் 30 நிமிடம் வரையான மூன்று பந்தயங்கள். சில தொடர்களில் ஒரு பந்தயத்துக்கு முன்வரிசையைத் தலைகீழாக்குவார்கள், முந்திப் பழகட்டும் என்று. டயர் மாற்றும் பிட் ஸ்டாப் கிடையாது. புது டயர்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. அதனால் எந்த செட்டை எப்போது மாட்டுவது என்பதே ஒரு முடிவு.

குவாலிஃபையிங்ல டயர் சூடாகல, இல்லைன்னா சீக்கிரம் போயிடுது. எங்கே தப்பு?

எஃப்4-ல் டயர் சூடேற்றும் போர்வை கிடையாது. முதல் சுற்றில் நெளிந்து நெளிந்து ஓட்டுவதால் கிடைக்கும் சூடு குறைவு. பலமாக பிரேக் பிடித்து, பலமாக ஆக்ஸிலரேட்டர் கொடுப்பதே வேலை செய்யும். பிரேக் டிஸ்க்கின் வெப்பம் சக்கரத்துக்கு ஏறி, அங்கிருந்து டயருக்குப் போகும்.

பெரும்பாலான தவறு காற்றழுத்தத்தில் நடக்கிறது. டயர் 10 டிகிரி செல்சியஸ் சூடேறினால் அழுத்தம் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ ஏறும். காலை 8 மணிக்குச் சரியாக இருந்த குளிர் அழுத்தம் பிற்பகல் 2 மணிக்குத் தவறாகிவிடும். டயர் நிறுவனம் தரும் 'சூடான அழுத்தம்' என்ன என்று கேட்டு அதையே இலக்காக வையுங்கள். குளிர் அழுத்தத்தையும் அந்நேர வெப்பத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து சுற்று ஓட்டி உள்ளே வந்தவுடன், ஆறுவதற்குள், நான்கு டயரையும் அளந்து, இலக்குக்கு மேலே போனதைக் குளிர் அழுத்தத்தில் கழியுங்கள். டயர்களை வெயிலில் நிறுத்தி வைத்து அளக்காதீர்கள். வெயில் பட்ட பக்கம் பொய் சொல்லும்.

அழுத்தம் கூடினால் முதல் இரண்டு சுற்று அருமையாக இருந்து பின் வழுக்கும். குறைந்தால் கார் சோம்பலாகத் திரும்பும், அடிப்பாகம் தரையில் உரசும். பாதைக்கு வரும்போது முன்னால் போகிறவரிடமிருந்து 3 முதல் 4 விநாடி இடைவெளி விடுங்கள். ஒட்டிப் போனால் நேர்பாதையில் காற்றிழுப்பு (முன் கார் காற்றைக் கிழிப்பதால் வரும் கூடுதல் வேகம்) கிடைக்கும்தான், ஆனால் வளைவில் கலங்கிய காற்றில் முன் விங் வேலை செய்யாது.

ஸ்டார்ட்ல இஞ்ஜின் நின்னுபோச்சு, ரெண்டு தடவை. கார்ல கோளாறா?

பெரும்பாலும் இல்லை. கார்ட் பந்தயங்கள் பலவும் உருண்டுகொண்டே தொடங்குவதால், நின்ற நிலையிலிருந்து புறப்படுவது பலருக்கும் புதிது. ஓடும்போது கியர் மாற்றக் கிளட்ச் வேண்டாம், புறப்பட மட்டும் வேண்டும். கிளட்ச் காலிலா, விரலிலா என்பது காரைப் பொறுத்தது, முறை ஒன்றுதான். முதல் கியர் போட்டு, டீம் சொன்ன ஆர்பிஎம்-மை (இஞ்ஜின் சுழலும் வேகத்தை) அசையாமல் பிடியுங்கள். தொடக்க விளக்குகள் ஐந்தும் அணைந்ததும் கிளட்ச் கவ்வும் புள்ளி வரை சட்டென்று விடுங்கள். அங்கே ஒரு கணம் நிறுத்தி, கார் உருண்டதும் மீதியை மெல்ல விடுங்கள்.

ஆர்பிஎம் குறைவாக வைத்து முழுதாக விட்டால் நின்றுவிடும். அதிகம் வைத்தால் பின் சக்கரம் அதே இடத்தில் சுழலும். கவ்வும் புள்ளி கிளட்ச் சூடாகச் சூடாக நகரும் என்பதால் ஃபார்மேஷன் சுற்றுக்கு (பந்தயம் தொடங்கும் முன் எல்லோரும் வரிசையாக ஓட்டும் சுற்று) கிளம்பும்போது அதைக் கவனமாக உணர வேண்டும். பயிற்சி நாளில் ஒவ்வொரு முறை பிட் விட்டுக் கிளம்புவதையும் ஒரு ஸ்டார்ட்டாகவே செய்யச் சொல்லுங்கள்.

செட்டப் மாத்தினா ரெண்டு செகண்டும் வந்துடுமா?

வராது. இரண்டு செகண்ட் என்பது ஓட்டுபவரிடம் இருக்கிறது (ஐந்தாவது கேள்வியின் பதில்). எஃப்4-ல் பல பாகங்களைத் தொடவே விதி அனுமதிக்காது. விங் கோணம், ஆன்ட்டி ரோல் பார் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் தண்டு), தரை உயரம், கேம்பர் (சக்கரத்தின் சாய்வு), டோ (சக்கரம் பார்க்கும் திசை) போன்ற சிலவே மாற்றலாம். அவை தருவது ஒரு செகண்டின் சில பங்குகள்.

மாற்றும் முன் தரவைப் பாருங்கள். வேகம், பிரேக் அழுத்தம், ஆக்ஸிலரேட்டர், ஸ்டீயரிங் கோணம் ஆகிய நான்கு கோடுகளை அணியின் வேகமான ஓட்டுநரின் கோடுகளோடு ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். பிரேக் கோடு செங்குத்தாக ஏறிச் சரிவாக இறங்குகிறதா? ஆக்ஸிலரேட்டரை ஒருமுறை தொட்ட பின் மறுபடி விடுகிறாரா? விட்டால் அவர் சீக்கிரம் தொட்டுவிட்டார் என்று பொருள். 'கார் அண்டர்ஸ்டியர்' (திருப்பியும் முன்பக்கம் நேராக நழுவுகிறது) என்று பிள்ளை சொல்வதில் பாதிக்குமேல் அவரே பிரேக்கைச் சட்டென்று விட்டு முன் டயரின் எடையைப் போக்கியதால் வருவது. டயர் அழுத்தத்தைச் சரிசெய்த பிறகு, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பலித்தது என்றே தெரியாது.

மொத்தம் எவ்வளவு செலவு ஆகும், நேராச் சொல்லுங்க.

ஐரோப்பாவில் நல்ல அணியில் ஒரு சீசன் சில லட்சம் யூரோ. ரூபாயில் கோடிகள். அந்தப் பணத்தின் பெரும்பகுதி பந்தயங்களுக்குப் போவதில்லை; பந்தயங்களுக்கு நடுவில் ஓட்டும் பயிற்சி நாட்களுக்குப் போகிறது. பிரான்ஸ் போல எல்லாக் கார்களையும் அமைப்பாளரே பராமரிக்கும் முறையில் செலவும் குறையும், காருக்குக் கார் வித்தியாசமும் குறையும். இந்தியத் தொடரும் அவ்வகையே.

கையெழுத்திடும் முன் எழுத்தில் கேட்க வேண்டியவை: எத்தனை பயிற்சி நாள், எத்தனை செட் புது டயர், மோதலில் சேதமானால் எந்தத் தொகைவரை நம் பொறுப்பு, மற்றவர் வந்து மோதினாலும் நாமா, தரவுப் பொறியாளர் நம் பிள்ளைக்கு மட்டுமா அல்லது மூன்று பேருக்கு ஒருவரா. சேதக் கணக்கில்தான் குடும்பங்கள் திணறுகின்றன. முன் விங், சஸ்பென்ஷன் கைகள், ஸ்டீயரிங் தண்டு, அடித்தளம் என்று ஒரே மோதலில் பட்டியல் நீளும். பட்ஜெட்டில் இதற்குத் தனியே ஒதுக்காமல் தொடங்காதீர்கள்.

ஆபத்து இல்லையா?

இருக்கிறது. 2017-ல் டோனிங்டன் பார்க்கில் பிரிட்டிஷ் எஃப்4 பந்தயத்தில் முன்னால் நின்றுபோன காரில் மோதிய பில்லி மாங்கர் இரண்டு கால்களையும் இழந்தார். மறு ஆண்டே அவர் தனக்கேற்ப மாற்றியமைத்த காரில் எஃப்3 பந்தயத்துக்குத் திரும்பினார் என்பதும் உண்மை. இரண்டாம் தலைமுறை எஃப்4 கார்களில் ஹாலோ கட்டாயம், பக்கங்களும் முன்பகுதியும் வலுவாக்கப்பட்டுள்ளன.

ஆனாலும் பாதுகாப்பில் பாதி கொடிகளில் இருக்கிறது. மஞ்சள் கொடி ஒன்று அசைந்தால் வேகம் குறை, முந்தாதே. இரண்டு அசைந்தால் நிற்கவும் தயாராகு. இதை மீறித் தப்பிக்கும் பிள்ளையைப் பாராட்டாதீர்கள், நேரம் நன்றாக வந்திருந்தாலும்.

எஃப்4-ல ஜெயிச்சா சூப்பர் லைசென்ஸ் கிடைச்சுடுமா?

எஃப்1 ஓட்டத் தேவையான உரிமம்தான் சூப்பர் லைசென்ஸ். அதற்கு மூன்று ஆண்டுகளுக்குள் 40 புள்ளிகள் வேண்டும். எஃப்4 சாம்பியனுக்குக் கிடைப்பது 12. அடுத்தடுத்த இடங்களுக்கு 10, 7, 5, 3, 2, 1. எட்டாவது இடத்துக்கு ஒன்றுமில்லை. ஒப்பிடுங்கள்: எஃப்ஐஏ எஃப்3 சாம்பியனுக்கு 30, எஃப்2-ன் முதல் மூவருக்கும் 40. புள்ளிகளோடு 18 வயதும் (விதிவிலக்காக 17), எஃப்1 காரில் 300 கி.மீ ஓட்டிய பதிவும் கேட்பார்கள். மூன்றாண்டுக் கணக்கு என்பதால், 15 வயதில் சேர்த்த எஃப்4 புள்ளிகள், பிள்ளை எஃப்1 வரை ஏறுவதற்குள் காலாவதி ஆகிவிடலாம். புள்ளிக்காக எஃப்4-ஐத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தமில்லை.

இந்தியாவிலேயே எஃப்4 ஓட்டினா போதுமா, இல்ல ஐரோப்பா போகணுமா?

முதல் சீசனுக்கு இந்தியா நல்ல தேர்வு என்பது எங்கள் கருத்து. 2023-ல் தொடங்கிய இந்தியத் தொடரின் முதல் பட்டத்தை ஓர் ஆஸ்திரேலியரும் 2024-ல் தென்னாப்பிரிக்கர் ஒருவரும் வென்றார்கள். வெளிநாட்டவர் இங்கே வந்து ஓட்டும் தரம் இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய 3.5 கி.மீ சாலையில் இரவுப் பந்தயமும் நடந்தது. சுவர் பக்கத்தில் நிற்கும் பாதையில் ஓட்டும் அனுபவம் எஃப்4 வயதில் எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

ஐரோப்பாவின் பலம் கூட்டம். இத்தாலியில் முப்பதுக்கும் மேற்பட்ட கார்கள் ஒரு செகண்டுக்குள் நெருக்கியடித்து நிற்கும், 0.2 செகண்டை இழந்தால் பத்து இடம் போகும். எஃப்3 அணிகளின் கண்ணும் அங்கே இருக்கிறது. இங்கே ஒரு சீசன் ஓட்டி, தரவில் தன் அணியின் வேகமானவருக்கு 0.3 செகண்டுக்குள் வந்துவிட்ட பிள்ளைக்கு, ஐரோப்பிய அணியொன்றில் முதலில் இரண்டு நாள் பயிற்சி மட்டும் வாங்கிப் பாருங்கள். அந்த இரண்டு நாளின் தரவுக் கோப்பை முழுதாகக் கையில் வாங்கிக்கொண்டு வந்து, முழு சீசன் ஒப்பந்தத்தைப் பற்றி அதன்பிறகு பேசுங்கள்.